பாதியில் நிறுத்தும் மருந்தும் அடங்காத காசநோயும்

ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் காய்ப்புழு அதற்கு மசியாது என்பதைப் பருத்தி உழவர்கள் அறிவர். 1987இல் ஆந்திராவில் பைரித்ராய்டு மருந்துகளுக்குப் பச்சைக் காய்ப்புழு கட்டுப்படாமல் போய், பருத்தி பெருமளவு அழிந்தது. காசநோய்க் கிருமியின் கதையும் இதுவே.

நுரையீரலில் குழிப்புண் கண்டவரிடம் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவற்றில் ஏறத்தாழ பத்து லட்சத்துக்கு ஒன்று, ஐசோனியசிட் மருந்துக்கு இயற்கையிலேயே சாகாதது. அம்மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை மடியும். இது களையெடுத்த வயலில் தப்பிய கோரைபோலப் பெருகும். ஆகவேதான் முதல் 2 மாதங்களுக்கு 4 மருந்துகளும், அடுத்த 4 மாதங்களுக்கு 3 மருந்துகளும் சேர்த்துத் தரப்படுகின்றன. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் அடங்காத நோயைப் பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் என்பர்.

மருந்து தொடங்கிய சில வாரங்களில் இருமல் குறையும், பசியெடுக்கும். கிருஷ்ணன்கோவில் வட்டாரத்தில் நடவோ அறுவடையோ வந்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக யாருக்கு நேரம்? இங்கேதான் கேடு தொடங்குகிறது. எஞ்சிய கிருமிகள் மீண்டும் தலைதூக்கும்போது பழைய மருந்து பலிக்காமல் போகலாம். அவர் இருமும்போது வீட்டாருக்குத் தொற்றுவதும் அதே அடங்காத கிருமிதான். காசநோய் மாத்திரையையே கண்டிராத குழந்தைக்கும் இந்நோய் இவ்வாறு வரும்.

நோயாளியை ஊரைவிட்டு ஒதுக்க வேண்டியதில்லை. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், வீட்டிலிருந்து மருந்துண்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டில் வைத்து மருத்துவம் செய்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவுமில்லை. மருந்தை விடாமல் உண்பதே முக்கியம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலிருந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் அல்லது ராஜபாளையம் அரசு மருத்துவமனையில் சளியைக் காட்டுங்கள். மருந்துக்கு அடங்குமா என்பதை மரபணுச் சோதனை சில மணி நேரத்தில் காட்டிவிடும். மருந்துக்கடையில் நாமாகக் கேட்டு வாங்கும் சில மாத்திரைகள் நோயை மறைத்துக் காலத்தைக் கடத்திவிடும். அந்தப் பழக்கம் வேண்டாம். நோயாளி படுக்கும் அறையில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். அவர் இருமும்போது வாயைத் துணியால் மூடிக்கொள்ளட்டும். வீட்டிலுள்ள அனைவரும் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

அடங்காத நோய்க்கும் இன்று வழியுண்டு. பெடாகுயிலின் உள்ளிட்ட 4 மருந்துகளைக் கொண்ட 6 மாத முறைக்கு மத்திய அரசு 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. முன்பு இதற்கே 20 மாதம்வரை ஆகும். அரசு மருத்துவமனைகளில் மருந்துகள் இலவசம். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. நோயாளியின் பெயர் பதிவானதும் வங்கிக் கணக்கு எண்ணையும் கொடுத்துவிடுங்கள்.