சுட்டுப் பார்த்த பிறகே முத்திரை

தங்கச் சங்கிலி வாங்கப் போனால் நம் வீட்டு அம்மாக்கள் முதலில் எதைப் பார்க்கிறார்கள்? டிசைனை அல்ல. கொக்கியைத் திருப்பி, ‘916’ என்ற எண் இருக்கிறதா என்றுதான். மலேசியாவில் தலைக்கவசம் வாங்கினால் சிரிம் முத்திரையைத் தேடுகிறோம். சிங்கப்பூரில் மின்சாதனம் வாங்கினால் பாதுகாப்புச் சின்னத்தைத் தேடுகிறோம். கடைக்காரர் நல்லவர்தான், இருந்தாலும் வேறொருவர் சோதித்துச் சொன்னால்தான் நமக்கு நிம்மதி.

இதே முத்திரை துப்பாக்கிக்கும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமா? மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சட்டம் மிகக் கடுமையானது என்பதால், நம்மில் பலர் துப்பாக்கியைத் திரையில் மட்டுமே பார்த்திருப்போம். ஆனால் துப்பாக்கி சுடும் விளையாட்டில் இறங்கும் இளையர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் கன்னத்தோடு அணைத்துப் பிடிக்கும் அந்தக் குழல் வெடித்துச் சிதறாது என்று யார் உறுதி கொடுத்தது?

கார் டயரைப் போல் 1,800 மடங்கு

விசையை இழுத்ததும் தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்து எரிந்து வாயுவாக மாறுகிறது. அந்த வாயுதான் குண்டை முன்னே தள்ளுகிறது. உலகெங்கும் புழங்கும் ‘.308 வின்செஸ்டர்’ ரைபிள் தோட்டாவுக்கு ஐரோப்பியத் தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 4,150 பார். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று ஏறத்தாழ 2.3 பார். கணக்குப் போட்டுப் பாருங்கள்! இவ்வளவு அழுத்தமும் சுடுபவரின் முகத்துக்குச் சில அங்குலம் தள்ளி உருவாகிறது. இரும்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் இருந்தால் போதும், கண்ணோ விரலோ போய்விடும்.

துப்பாக்கிக்கு ஒரு பரீட்சை

இந்த ஆபத்தை ஐரோப்பியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அனுபவத்தில் கண்டார்கள். லண்டன் துப்பாக்கித் தயாரிப்பாளர் சங்கத்துக்கு 1637இல் அரச சாசனம் கிடைத்தது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் 1672இல் சோதனைச் சாலை தொடங்கியது. தொழிற்பட்டறைகள் நிறைந்த பர்மிங்ஹாமில் 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் ஒரு சோதனைச் சாலை வந்தது. லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் இன்றும் சோதனை நடக்கிறது. முத்திரை இல்லாத துப்பாக்கியை விற்பது பிரிட்டனில் குற்றம்.

சோதனை எப்படி நடக்கும்? முதலில் குழலின் உள்விட்டம், தோட்டா அமரும் அறை எல்லாவற்றையும் அளந்து பார்க்கிறார்கள். பிறகு துப்பாக்கியைத் தாங்கியில் பொருத்தி, ஆட்கள் விலகி நின்று, தனியாகத் தயாரித்த சோதனைத் தோட்டாவைச் சுடுகிறார்கள். அதன் அழுத்தம் உச்ச வரம்பைவிட 25 முதல் 30 விழுக்காடு அதிகம். மேலே சொன்ன ரைபிள் என்றால் ஏறத்தாழ 5,190 பார். அதன் பிறகும் புடைப்பு, விரிசல், தளர்ச்சி எதுவும் இல்லையென்றால் மட்டுமே இரும்பில் முத்திரை விழும்.

ஊருக்கு ஒரு முத்திரை இருந்தால் குழப்பம்தானே? அதனால் 1914இல் லியேஜில் சிஐபி என்ற பன்னாட்டு ஆணையம் உருவானது. அதில் உள்ள நாடுகள் ஒன்றின் முத்திரையை மற்றொன்று ஏற்றுக்கொள்கின்றன.

அமெரிக்கா போன வழி

உலகிலேயே பொதுமக்களிடம் அதிகத் துப்பாக்கிகள் உள்ள அமெரிக்காவில் இப்படி அரசு கட்டாயமாக்கிய சோதனைச் சாலை கிடையாது. 1926இல் தொடங்கிய சாமி என்ற தொழில்துறை அமைப்பு தரங்களை வகுக்கிறது, தயாரிப்பாளர்களே சோதித்துக்கொள்கிறார்கள். ரொட்டி வாட்டும் கருவியையும் கரடி பொம்மையையும் திரும்பப் பெறச் செய்யும் அதிகாரம் கொண்ட நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கி மீது அதிகாரம் இல்லை.

ரெமிங்டன் 700 ரைபிள், விசையைத் தொடாமலே சுடுகிறது என்ற புகார்கள் பல ஆண்டுகள் எழுந்தன. நிறுவனம் குறையை மறுத்தது. ஆனாலும் அரசு ஆணையில் அல்ல, நீதிமன்றத்தில் ஏற்பட்ட உடன்பாட்டில்தான், லட்சக்கணக்கான துப்பாக்கிகளின் விசையை இலவசமாக மாற்றித் தரச் சம்மதித்தது.

முத்திரை சொல்லாத விஷயம்

ஐரோப்பிய முறைதான் முழுப் பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம். அழுத்தத்தைக் குழல் தாங்கியது, அதுவும் சோதித்த அன்று தாங்கியது என்பதே முத்திரையின் பொருள். குழலில் சேறு அடைத்திருந்தால் முத்திரை காப்பாற்றாது. கருமருந்துக் காலத்துப் பழைய துப்பாக்கியில் இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போட்டாலும் அப்படித்தான்.

இன்னோர் ஆபத்து இருக்கிறது. 12 கேஜ் துப்பாக்கியில் கைதவறி 20 கேஜ் தோட்டாவைப் போட்டால், அது குழலுக்குள் வழுக்கிப்போய்ச் சிக்கிக்கொள்ளும். எதுவும் நடக்கவில்லையே என்று பின்னால் ஒரு 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளந்துவிடும். 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்ததே இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

சபாவில் ‘பக்காகுக்’ என்னும் வீட்டுத் தயாரிப்புத் துப்பாக்கிகளைப் போலீசார் பறிமுதல் செய்யும் செய்திகளை நாம் படித்திருக்கிறோம். சட்டவிரோதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். எந்தச் சோதனையும் காணாத அந்தக் குழல், எதிரே நிற்பவருக்கு மட்டுமல்ல, பிடித்திருப்பவருக்கும் எமன்தான்.

துப்பாக்கி நம் வீட்டுப் பொருள் அல்ல. ஆனால் தலைக்கவசமும், குழந்தையின் கார் இருக்கையும், கைப்பேசி சார்ஜரும் நம் வீட்டில் இருக்கின்றன. அடுத்த முறை அவற்றில் முத்திரையைப் பார்த்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதைக் குத்தியது யார், செய்தவரா வேறொருவரா? எதைச் சோதித்தார்கள்? எப்போது சோதித்தார்கள்? ஒருமுறை கீழே விழுந்து அடிபட்ட தலைக்கவசத்தில் சிரிம் முத்திரை அப்படியே பளிச்சென்று இருக்கும். தலைக்கவசத்தை மாற்ற வேண்டியது நாம்தான்.