கைப்பேசிக்குள் வந்த பிரசங்கம்: மலைத் தோட்டத்துச் சபைகளுக்கு இது புதுச் சவால்

கம்போங் ராஜா: கேமரன் மலையின் வடகோடியில் இருக்கிறது கம்போங் ராஜா. ஈப்போ பக்கமிருந்து சிம்பாங் பூலாய் சாலை வழியாக மலையேறினால் இந்த ஊருக்குத்தான் வந்து சேரலாம். புளூ வேலி தேயிலைத் தோட்டமும் அருகில்தான். இதுபோன்ற தோட்டங்களில் வாழும் தமிழ்க் கிறிஸ்துவர்களுக்கு முன்பெல்லாம் தேவ செய்தி என்றால், போதகரோ பாதிரியாரோ நேரில் வந்து சொல்வதுதான். இன்று ஆராதனைக்கு வருபவர், அந்த வாரத்திலேயே சென்னை, கோயம்புத்தூர், கொழும்பு என நாலைந்து ஊர்ப் பிரசங்கங்களைக் கைப்பேசியில் கேட்டுவிட்டு வந்து உட்காரலாம்.

இதற்கு வேகம் கொடுத்தது கோவிட் காலம். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது வழிபாட்டுத் தலங்கள் மூடப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரல் 12-இல் வந்த ஈஸ்டரை மலேசியக் கிறிஸ்துவர்கள் வீட்டிலிருந்தே, முகநூல், யூடியூப் நேரலைகளைப் பார்த்துக் கொண்டாடினர். கதவுகள் மீண்டும் திறந்தன. கைப்பேசிப் பழக்கம் மட்டும் போகவில்லை.

தமிழ்ப் பிரசங்கம் ஊடகம் மாறுவது இது முதல் முறையன்று. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தமிழைக் கற்று, அச்சுக்கூடம் அமைத்து, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். 1774-இல் பிறந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், மக்களுக்குப் பழகிய குறவஞ்சி வடிவத்தையே எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். அதன் பிறகு சிற்றலை வானொலி. மணிலாவிலிருந்து ஒலித்த ரேடியோ வேரித்தாஸ் தமிழ்ப்பணி, கத்தோலிக்கத் தமிழர்களுக்குப் பழக்கமான பெயர். 2018-இன் நடுப்பகுதியில் வேரித்தாஸ் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மாறியது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வானொலி வீட்டின் நடுவில் இருந்தது. ஒருவர் திருப்பினால் வீடே கேட்டது, சில சமயம் லயத்தில் பக்கத்து வீடும் கேட்டது. கைப்பேசியோ ஆளுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. அம்மாவுக்கு ஒரு போதகர், மகனுக்கு வேறொருவர். அடுத்து எதைக் கேட்பது என்பதையும் பெரும்பாலும் செயலியே முடிவு செய்கிறது. ஒருவர் எதை நீண்ட நேரம் பார்க்கிறாரோ, அதைப் போன்றதையே மேலும் மேலும் காட்டுவது அதன் வேலை. குணமாக்குதல் காணொளியைப் பார்த்தவருக்கு அதுவே வரிசையாக வரும். மன்னிப்பைப் பற்றியோ உழைப்பாளியின் கூலியைப் பற்றியோ வேதம் சொல்வது வராமலே போகலாம். சபையில் போதகர் அன்றைய வேதபாகத்தை எடுத்துப் பேசும்போது, கேட்பவர் விரும்பாததும் காதில் விழுகிறது. நேரில் கேட்கும் பிரசங்கத்தின் பலமே அதில்தான் இருக்கிறது.

நீளமும் ஒரு பிரச்சினை. ஒரு நிமிடக் காணொளிக்குப் பழகிய இளையோர் முன்னால் முக்கால் மணி நேரம் பேசுவது கடினம்தான். காலமான போப் பிரான்சிஸ் 2024 ஜூன் 12-ஆம் தேதி, மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டக்கூடாது, தாண்டினால் மக்கள் தூங்கிவிடுவார்கள் என்று பாதிரியார்களுக்கு வெளிப்படையாகவே அறிவுறுத்தினார். (இதைக் கேட்டால் நம் ஊர்ப் பிரசங்கியார்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும்.) மொழியும் சேர்ந்துகொள்கிறது. இடைநிலைப் பள்ளியில் மலாயில் படிக்கும் பிள்ளைக்கு 'நீதிமானாக்கப்படுதல்' என்ற சொல்லை அங்கேயே விளக்கினால்தான் புரியும்; காணொளியிடம் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்க முடியாது.

இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. 2023 ஜூனில் ஜெர்மனியின் ஃபூர்த் நகரத் தேவாலயம் ஒன்றில், பெரும்பகுதி சாட்ஜிபிடி எழுதிய ஆராதனை நடந்தது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். திரையில் தோன்றிய உருவத்தின் பேச்சில் உயிரில்லை என்று குறைப்பட்டவர்களும் உண்டு. வேதவசனத்தைக் கோர்த்துக் கொடுக்க எந்திரத்தால் முடியும். போன வாரம் தோட்டத்தில் யார் வீட்டில் துக்கம், யாருக்கு வேலை போனது என்பது அதற்குத் தெரியாது.

சபைகள் கவனிக்க வேண்டிய நடைமுறை விஷயங்களும் உள்ளன. தேவாலயத்துக்குள் சபையாருக்குச் சொன்னது, பொதுப்பக்கத்தில் ஏறியவுடன் எல்லாரிடமும் போகிறது. முஸ்லிம்களிடையே பிற சமயக் கோட்பாடுகளைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தவும் தடுக்கவும், கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) பிரிவு மாநிலச் சட்டங்களுக்கு இடமளிக்கிறது. பிற சமயத்தை இழிவாகப் பேசும் முப்பது நொடித் துண்டு வெளியே பரவினால், 1998-ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவின் கீழும் விசாரணை வரலாம். பிரபல போதகரின் படத்தை ஒட்டிய போலிக் கணக்கிலிருந்து "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று செய்தி வந்து, பிறகு காணிக்கை கேட்டால், வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு ரிங்கிட்கூட அனுப்பக்கூடாது.

இன்னொன்று, வாட்ஸ்அப் ஜெபக் குழுக்கள். "இன்ன வீட்டு அக்காவுக்கு இன்ன நோய், ஜெபியுங்கள்" என்று அன்போடு போடும் செய்தி, மாலைக்குள் தோட்டம் முழுவதும் பரவிவிடுகிறது. சம்பந்தப்பட்டவரே தம் நோயைப் பற்றிக் கடையில் வைத்துக் கேள்விப்படுகிற நிலை வரலாம். குழுவில் போடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். அவர் வேண்டாமென்றால் போதகருக்கு மட்டும் தனியாகத் தெரிவிக்கலாம்.