மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை: வளர்ந்த பிள்ளைக்குப் பெற்றோர் செய்யக்கூடியவை

மூளையில் கட்டி என்று கேள்விப்பட்டதும், எமது கரையோர ஊர்களில் பலர் அந்தப் பிள்ளையின் வாழ்வு முடிந்துவிட்டதாகவே பேசத் தொடங்குகிறார்கள். மூளைக் கட்டிகள் எல்லாமே புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக உள்ளவற்றிலும் வேகமாக வளர்பவை உண்டு. ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளர்பவையும் உண்டு. சத்திரசிகிச்சை மூலம் எடுக்க முடிந்ததை எடுத்த பின்னர், எஞ்சியிருக்கும் நோய்க் கலங்களை அழிப்பதற்காகப் பலருக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. ஊரில் இதைக் 'கரண்ட் பிடிப்பது' என்பார்கள். ஆனால் உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்ச்சப்படுவதில்லை. எக்ஸ்ரே எடுப்பதைப் போன்றதுதான், கதிரின் வலு மட்டும் பன்மடங்கு அதிகம். இயந்திரம் நின்றதும் கதிரும் நின்றுவிடும். ஆகவே சிகிச்சை பெற்று வந்தவரோடு ஒரே தட்டில் உண்ணலாம், அவர் தம் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம்.

எமது மாவட்டத்தவர் பலர் இதற்காக மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குச் செல்கிறார்கள். முதலில் வெந்நீரில் மென்மையாக்கிய பிளாஸ்டிக் தகட்டை முகத்தின் மேல் வைத்து முகமூடி ஒன்றைச் செய்வார்கள். ஒவ்வொரு நாளும் தலை அதே இடத்தில் அசையாமல் இருப்பதற்கே இது. கதிர் படும்போது வலி இல்லை. கிளியோபிளாஸ்டோமா என்னும் கடுமையான வகைக்குப் பொதுவாக 60 கிரே அளவு, 30 தடவைகளாகப் பிரித்து, திங்கள் முதல் வெள்ளி வரை ஆறு வாரங்களுக்குக் கொடுக்கப்படும். 2005 இல் வெளியான ஆய்வொன்றின் பின்னர், இதனோடு டெமோசொலமைட் மாத்திரையும் கொடுப்பது உலகெங்கும் வழக்கமாகியுள்ளது. அந்த மாத்திரை எடுப்போருக்கு இரத்தப் பரிசோதனை தவறக்கூடாது. காய்ச்சல் கண்டால் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

சிகிச்சை நாட்கள் விட்டுப்போகாமல் பார்ப்பது முக்கியம், இடைவெளியில் நோய்க் கலங்கள் மீண்டும் பெருகும். கற்பிட்டியிலிருந்து கொழும்பு 150 கிலோமீற்றருக்கும் மேல். அங்கிருந்து மஹரகமவுக்கு இன்னொரு பஸ். களைத்துப்போன ஒருவரால் தினமும் இப்படிப் பிரயாணம் செய்ய முடியாது. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான். குடும்பத்தைக் கடனில் தள்ளுவது பஸ் கட்டணமும் தங்குமிடச் செலவும் இழந்த உழைப்புமே. எனவே சிகிச்சை தொடங்குமுன்பே தங்குமிடம் பற்றி வைத்தியசாலையிலும், உதவிப்பணம் பற்றிப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் கேட்டு வையுங்கள். நேர்த்திக்கடனோ திருவிழாவோ குறுக்கிட்டால், சனி ஞாயிறில் முடியுமானால் போய்வரலாம். இல்லையேல் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

இனி, பெற்றோருக்கே கடினமான விடயம். நோயாளி உங்கள் பிள்ளைதான். ஆனால் அவர் முப்பது வயது மனிதர், ஒருவேளை மனைவியும் பிள்ளைகளும் உள்ளவர். தகப்பன் வைத்தியரைத் தனியே அழைத்து, "அவனுக்குச் சொல்லிவிடாதீர்கள்" என்று கேட்பது எம்மிடையே சாதாரணம். அன்பினால் கேட்பதுதான். ஆயினும் சிகிச்சைக்குச் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்திட வேண்டியவர் அவரே. மறைத்தால், வீட்டார் குசுகுசுப்பதைப் பார்த்து உள்ளதைவிடப் பயங்கரமாகக் கற்பனை செய்துகொள்வார். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள். வைத்தியரிடம் பேசுவது தாயா, மனைவியா என்பதையும் அவரே சொல்லட்டும். இதில் வரும் மனக்கசப்பு நோயைவிட வேகமாக வீட்டைப் பிரிக்கும். கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்துப் பேச்சும் ஞாபகமும் பின்னர் தடுமாறக்கூடும். ஆகவே வள்ளம், காணி, கடன், வங்கிக் கணக்கு பற்றிய அவருடைய விருப்பத்தைத் தெளிவாக இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பது நல்லது. இது சாவுக்கு நாள் குறிப்பதல்ல.

மூளை வீக்கத்தைக் குறைக்க டெக்சாமெத்தசோன் கொடுப்பார்கள். இதனால் பசி கூடும், தூக்கம் குறையும், சீனி ஏறலாம், கோபமும் வரலாம். சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடும் மகன் திமிரில் செய்வதாக எண்ணாதீர்கள்; கட்டியும் மருந்தும் சேர்ந்து செய்யும் வேலை அது. நிலைமை தேறியதென்று இதைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. வைத்தியர் சொன்னபடி படிப்படியாகவே குறைக்க வேண்டும். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் கதிர் பட்ட இடத்தில் முடி உதிரும். அங்கே எண்ணெயோ பச்சிலையோ வைத்தியரைக் கேளாமல் பூசவேண்டாம். வெயிலுக்குத் தொப்பி போதும்.

வலிப்பு வரக்கூடியவர் கடலுக்குப் போகலாமா? வைத்தியர் அனுமதிக்கும் வரை வள்ளம், சுழியோடுதல், மோட்டார் சைக்கிள் மூன்றும் கூடாது. களப்பிலோ கிணற்றடியிலோ தனியாகக் குளிப்பதும் கூடாது. ஆனால் "நீ சும்மா இரு" என்று மூலையில் உட்கார வைத்தால், உழைத்த மனிதர் உடைந்துபோவார். வலை பொத்தலாம், மீன் நிறுத்துக் கணக்கு எழுதலாம், களைத்தால் படுக்கலாம். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவையுங்கள். கையில் இரும்பு கொடுப்பதால் பயனில்லை. வாயில் எதையும் வைக்கக்கூடாது. ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால், அல்லது கடும் தலைவலியோடு வாந்தியும் மயக்கமும் கண்டால், 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அது இலவச அம்பியுலன்ஸ்.

ஆறு வாரம் முடிந்ததும் வீடு மகிழும், அவரோ முன்னிலும் அதிகமாகத் தூங்குவார். இக்களைப்பு சிகிச்சை முடிந்த பின்னரும் சில வாரங்கள் கூடி, பிறகு மெல்லக் குறைவது வழக்கம். அதன்பின் எடுக்கும் முதல் ஸ்கேனில், கதிர் உண்டாக்கிய வீக்கத்தால் கட்டி பெரிதானது போலவும் தெரியலாம். அந்தப் படத்தைக் கண்டதும் கைவிட்டு வேறு வைத்தியம் தேடி ஓடாமல், இது வீக்கமா வளர்ச்சியா, அடுத்த ஸ்கேன் எப்போது என்று வைத்தியரிடம் கேளுங்கள். கேட்கும்போது பிள்ளையும் பக்கத்தில் இருக்கட்டும்.