எத்தனை அணுக்கள் வேலை செய்கின்றன?

பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு கணக்குப் போடலாம். எல்லாப் பக்கமும் 1 சென்டிமீட்டர் உள்ள கனசதுரத் தாமிரக் கட்டி ஒன்று இருக்கிறது. அதற்கு ஆறு முகங்கள். ஆகவே மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள குட்டிக் கட்டிகளாக நறுக்கினால்? (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர்.) தாமிரம் துளியும் கூடவில்லை. ஆனால் மேற்பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடுகிறது! நீங்களும் போட்டுப் பாருங்கள்.

மெத்தனால் தொழிற்சாலைகள் இந்தக் கணக்கை நம்பித்தான் ஓடுகின்றன. கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் மூன்றும் கலந்த வாயுவைத் தாமிர வினையூக்கியின் மீது செலுத்துவார்கள். வாயு மூலக்கூறுகள் தாமிரத்தின் மேல் வந்து ஒட்டி, பழைய பிணைப்பை விட்டுப் புதிய பிணைப்பில் சேர்ந்து, மெத்தனாலாகக் கிளம்பிப் போகும். இதெல்லாம் மேற்பரப்பில் உள்ள அணுக்களில் மட்டுமே நடக்கும். உள்ளே இருக்கும் அணுவை எந்த வாயுவும் எட்டாது. மொத்த அணுக்களில் எத்தனை பங்கு வெளியே இருக்கிறது என்பதைத்தான் வேதியியலாளர்கள் உலோகப் பரவல் என்கிறார்கள். 10 நானோமீட்டர் துகளில் ஏறக்குறைய பத்தில் ஓர் அணு வெளியே இருக்கும். 1 நானோமீட்டர் துகளில் கிட்டத்தட்ட எல்லா அணுக்களும் வெளியேதான்.

இவ்வளவு சிறிய துகளைக் கத்தியால் நறுக்க முடியுமா? அதற்கு வேறு வழி இருக்கிறது. தாமிரம், துத்தநாகம், அலுமினியம் மூன்றின் நைட்ரேட் உப்புகளையும் நீரில் கரைத்து, சோடியம் கார்பனேட் கரைசலை ஊற்றுவார்கள். நீலப்பச்சை நிறத்தில் வீழ்படிவு இறங்கும். அதைக் கழுவி, உலர்த்தி, சுட்டால் கறுப்பாகும். பிறகு ஹைட்ரஜனைச் செலுத்தினால் அதிலுள்ள தாமிர ஆக்சைடு தாமிரத் துகள்களாகும். அந்தத் துகள்களுக்கு இடையே துத்தநாக ஆக்சைடும் அலுமினாவும் தாங்கியாக நிற்கும்.

தாங்கி இல்லாவிட்டால் என்ன ஆகும்? தாமரை இலை மேல் நீர்த்துளிகள் உருண்டு ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய துளியாவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதிதான். தாமிரம் உருகுவது 1085 டிகிரி செல்சியஸில் என்றாலும், அதற்கு வெகு முன்பே அதன் அணுக்கள் நகரத் தொடங்கிவிடும். துகள்கள் ஒட்டிப் பெரிதாகும், மேற்பரப்பு சுருங்கும், மெத்தனால் குறையும். அதனால்தான் மெத்தனால் உலைகளை 300 டிகிரிக்கு மேல் போக விடுவதில்லை.

தாமிரத்துக்குக் கந்தகமும் ஆகாது. ஜெர்மனியில் 1923இல் தொழிற்சாலை அளவில் மெத்தனால் தயாரிக்கத் தொடங்கியபோது, நிலக்கரியிலிருந்து வந்த வாயுவில் கந்தகம் இருந்தது. ஆகவே துத்தநாகமும் குரோமியமும் சேர்ந்த வேறொரு வினையூக்கியை, 250 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல் வைத்து ஓட்டினார்கள். கந்தகம் நீக்கிய தூய வாயு கிடைத்த பிறகு, 1966இல் இங்கிலாந்தின் பில்லிங்காமில் தாமிர வினையூக்கி வந்தது. 50 வளிமண்டல அழுத்தமே போதுமானதாயிற்று.

கண்ணுக்குத் தெரியாத அணுக்களை எப்படி எண்ணுகிறார்கள்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை மிதமான சூட்டில் தாமிரத்தின் மேல் விடுவார்கள். வாயு தன் ஆக்சிஜனை மேற்பரப்புத் தாமிரத்திடம் கொடுத்துவிட்டு நைட்ரஜனாக வெளியேறும். இரண்டு தாமிர அணுக்களுக்கு ஓர் ஆக்சிஜன். ஆகவே வெளிவந்த நைட்ரஜன் மூலக்கூறுகளை எண்ணி இரண்டால் பெருக்கினால் மேற்பரப்பு அணுக்களின் எண்ணிக்கை கிடைத்துவிடும். எவ்வளவு அழகான உத்தி!

அப்படியானால் துகளைச் சிறிதாக்கிக்கொண்டே போகலாமே என்று கேட்பீர்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களுடன் உழைத்தவர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. துகள் 8 நானோமீட்டருக்குக் கீழே போனால், மேற்பரப்பில் உள்ள ஒவ்வொரு அணுவும் செய்யும் வேலை குறைகிறது. மிகச் சிறிய துகள்களில் அது சுமார் மூன்றில் ஒரு பங்குதான். மெத்தனால் உருவாகப் பல அணுக்கள் படிக்கட்டு விளிம்பு போல அமைந்த இடங்கள் வேண்டும் என்று அவர்கள் கருதுகிறார்கள். குட்டித் துகளில் அவற்றுக்கு இடம் போதாது.

இன்னொரு கணக்கு. 8 நானோமீட்டர் துகளை 2 நானோமீட்டராக்கினால் மேற்பரப்பு நான்கு மடங்காகும். ஒவ்வொரு அணுவின் வேலையும் மூன்றில் ஒரு பங்காகும். நான்கை மூன்றால் வகுத்தால் மொத்த வேலை ஒன்றே கால் மடங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். குட்டித் துகள்களோ இன்னும் வேகமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் மெத்தனாலுக்குத் தாமிரம் தயாரிப்பவர்கள் ஆக மிகச் சிறிய துகளைத் தேடுவதில்லை. 8, 10 நானோமீட்டர் அளவிலான துகள்களை ஆண்டுக்கணக்கில் ஒட்டாமல் வைத்திருக்கவே பாடுபடுகிறார்கள்.