கைத்திறனும் துலாக்கோலும்

எண்சாண் உடம்பிற்குத் தலையே முதன்மை என்பது தமிழ்நாட்டுப் பழமொழி. அத்தலைக்குப் பெருமை தருவது அதனுள் அமைந்த மூளை. ஏறத்தாழ 1.4 கிலோகிராம் எடையுள்ள இவ்வுறுப்பு, உடலின் எடையில் நூற்றில் இரண்டு பங்கே ஆகும். ஆயினும் உடல் உட்கொள்ளும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கினை இதுவே பெறுகின்றது. நிமிடந்தோறும் ஏறத்தாழ முக்கால் லிட்டர் குருதி மூளைக்குள் பாய்கின்றது.

இவ்வளவு செல்வாக்குடைய மூளை, நாளைக்கென ஒன்றும் சேர்த்து வைப்பதில்லை. கைகால்களின் தசை சிறிது பொழுது பட்டினி பொறுக்கும், மூளை பொறாது. குருதியோட்டம் முற்றும் நின்றுவிடின், பத்து நொடி அளவில் நினைவு அகலும்; சில நிமிடங்களில் உயிரணுக்கள் மடியத் தொடங்கும். வாய்க்காலில் நீர் நின்றால் பயிர் சில நாள் வாடிப் பின்னரே கருகும். மூளையாகிய வயலுக்கோ அத்தகைய தவணை இல்லை.

மூளைக்குச் செல்லும் குழாயொன்று அடைபட்டோ, வெடித்தோ நேரும் கேட்டினையே பக்கவாதம் என்கின்றோம். முதலாவது, வாய்க்கால் தூர்ந்து வயல் காய்வது போன்றது. இரண்டாவது, கரை உடைந்து வயல் அழிவது போன்றது. மூளையின் இடப்பாகம் உடலின் வலப்பாகத்தையும், வலப்பாகம் உடலின் இடப்பாகத்தையும் ஆள்கின்றன. ஆதலின், மூளையின் ஒரு புறத்தில் குருதி நின்றால் உடலின் மறுபுறம் செயலிழக்கின்றது. காலையில் கதிரறுத்த கை மாலையில் ஒரு குவளையையும் எடுக்க இயலாது கிடக்கும். நேற்றுவரை பேசிய நாவு இன்று பெற்ற மகவின் பெயரையும் சொல்ல மாட்டாது. இத்துயரைத் துடைக்க மருத்துவ அறிஞர் மேற்கொண்ட முயற்சிகளுள், அடைபட்ட குழாய்க்கு மாற்றுவழி அமைத்த முயற்சி அறியத்தக்க ஒன்றாகும். அதன் வெற்றியும் தோல்வியும் நமக்கு ஒருங்கே பாடம் புகட்டுவன.

மாற்றுவழி என்னும் எண்ணத்தை முதலில் காட்டியது இயற்கையே ஆகும். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் வாழ்ந்த தாமஸ் வில்லிஸ் என்னும் மருத்துவர், 1664-ஆம் ஆண்டில் மூளையின் உடற்கூறு பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலின் படங்களை வரைய உதவியவருள், பின்னாளில் இலண்டன் மாநகரின் பெருங்கோவிலாகிய புனித பவுல் கோவிலை எழுப்பிய கட்டடக் கலைஞர் கிறிஸ்டபர் ரென் என்பாரும் ஒருவர். கழுத்தின் வழியே மேலேறும் தமனிகள் மூளையின் அடியில் ஒன்றோடொன்று கூடி ஒரு வளையமாக அமைதலை வில்லிஸ் அந்நூலில் விளக்கினார். கழுத்துத் தமனிகளுள் ஒன்று முற்றும் அடைபட்டிருந்தும், பக்கவாதம் வாராது வாழ்ந்து மறைந்த ஒருவருடைய உடலை அவர் ஆய்ந்து கண்டார். ஒரு மடை அடைபட்டாலும் மற்றொரு மடை வழியாக நீர் வந்து சேர்தல் போல, அவ்வளையத்தின் வழியே குருதி வந்து மூளையைக் காத்தது. அவ்வளையம் இன்றும் வில்லிஸ் வளையம் என்றே வழங்கப்பெறுகின்றது.

எல்லார்க்கும் இவ்வளையம் நிறைவாக அமைவதில்லை. வளையத்திற்கு அப்பால் அடைப்பு நேரினும் அது முழுதும் உதவாது. அவ்விடத்துச் செயற்கையாக ஒரு வழி அமைக்கலாகுமா? அமைப்பதற்குக் குழாயோடு குழாயைத் தைக்கக் கற்றல் வேண்டும். பிரான்சு நாட்டில் லியோன் நகரைச் சார்ந்த அலெக்சிஸ் காரெல் என்பார் அக்கலையைத் திருத்தமுற அமைத்தார். வட்டமான வாயை அப்படியே சுற்றித் தைத்தால் குழாய் சுருங்கிவிடும். ஆதலால் அவர் மூன்று இடங்களில் தையலிட்டு இழுத்து, வட்டத்தை முக்கோணமாக்கி, ஒவ்வொரு பக்கமாக நேரே தைத்தார். இதற்கு வேண்டிய மெல்லிய ஊசி வேலையை அவர் பூத்தையல் செய்யும் ஒரு பெண்மணியிடம் பயின்றார் என்பர். குழாய்த் தையலுக்கும் உறுப்பு மாற்று ஆய்வுக்குமாக 1912-ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு அளிக்கப்பெற்றது.

அடைப்பு எங்குள்ளது என்பதை உயிருள்ளாரிடம் காணும் வழியும் பின்னர்த் தோன்றியது. 1927-ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் எகாஸ் மோனிஸ் என்பார், எக்ஸ் கதிருக்குப் புலப்படும் மருந்தைக் கழுத்துத் தமனியில் செலுத்தி மூளைக் குழாய்களைப் படம் பிடித்தார். 1951-ஆம் ஆண்டில் கனடா நாட்டு மருத்துவர் மில்லர் பிஷர், பக்கவாதம் பலவற்றிற்குக் கழுத்துத் தமனியின் அடைப்பே காரணம் எனக் காட்டினார். தலையின் புறத்தே ஓடும் தமனியை உள்ளே ஓடும் தமனியோடு இணைத்து அடைப்பைக் கடக்கும் காலம் வருதல் கூடும் என்றும் அவர் எழுதினார்.

ஆயினும் மூளையின் மேற்பரப்பில் ஓடும் குழாயின் அகலம் ஒரு மில்லிமீட்டர் அளவினதே. வெறுங்கண்ணால் அதனைத் தைத்தல் அரிது. அமெரிக்க நாட்டு வெர்மான்ட் மாநிலத்துப் பர்லிங்டன் நகரில் ஜூலியஸ் ஜேக்கப்சன் என்பார், 1960-ஆம் ஆண்டில் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் நுண்குழாய்களைத் தைத்து இணைத்துக் காட்டினார். அந்நகரிலேயே பீயர்டன் டொனகி என்னும் நரம்பு அறுவை அறிஞர் அக்கலையை மூளைக்கு உரியதாக்க முயன்றார். துருக்கி நாட்டில் 1925-ஆம் ஆண்டில் பிறந்து, சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் பணியாற்றிய காசி யாசர்கில் அவரிடம் பயிலச் சென்றார். முன்னரே தேர்ந்த மருத்துவராகிய அவர், ஓராண்டிற்கு மேலாக விலங்குகளின் நுண்குழாய்களைத் தைத்துத் தைத்துக் கையைப் பழக்கினார். மயிரினும் மெல்லிய இழை. மூச்சின் அசைவும் காட்டும் கண்ணாடி. கண்ணும் கையும் ஒன்றிய உழைப்பு!

சூரிக் திரும்பிய யாசர்கில் 1967-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தம் அறுவையைச் செய்தார். காதின் முன்னே நெற்றிப்பொட்டில் விரலை வைத்தால் துடிக்கும் தமனி ஒன்று உண்டு. அது தலையின் தோலுக்கு உணவூட்டுவது. அதனைப் பிரித்தெடுத்து, மண்டையோட்டில் சிறு வழி திறந்து, மூளையின் மேற்பரப்புத் தமனியோடு அவர் இணைத்தார். தோலுக்குப் பாய்ந்த குருதி மூளைக்குப் பாய்ந்தது. மில்லர் பிஷர் கனவு கண்டது பதினாறு ஆண்டுகளில் நனவாயிற்று. உலகெங்கும் அறுவை மருத்துவர் பலர் இக்கலையைக் கற்றனர்; நோயாளர் பலர் இவ்வறுவையைப் பெற்றனர்.

இந்நிலையில் ஒரு வினா எழுந்தது. குழாய் இணைந்தது உண்மை. குருதி பாய்ந்ததும் உண்மை. ஆயின், அறுவை பெற்றவருக்குப் பக்கவாதம் குறைந்ததா? இணைப்பின் வெற்றி வேறு. நோயாளியின் நலம் வேறு. அறுவைக்குப் பின் ஒருவர் நலமாக இருந்தால், அந்நலம் அறுவையால் வந்ததா, அறுவையின்றியும் வந்திருக்குமா என்பதை அவர் ஒருவரைக் கொண்டு அறிதல் இயலாது. மருத்துவர் உடல்வலியுடையாரையே அறுவைக்குத் தெரிந்தெடுத்தால் அறுவை நன்றெனத் தோன்றும். மெலிந்தாரையே தெரிந்தெடுத்தால் தீதெனத் தோன்றும். எனவே இருசாராரையும் ஒரே துலாக்கோலில் நிறுத்தல் வேண்டும்.

அத்துலாக்கோலை ஏந்தியவர் கனடா நாட்டு ஒண்டாரியோ மாநிலத்தில் இலண்டன் என்னும் நகரில் பணியாற்றிய ஹென்றி பார்னெட் என்னும் நரம்பியல் மருத்துவர். அவர் தலைமையில் 1977-ஆம் ஆண்டில் ஆய்வு தொடங்கிற்று. பல நாட்டு மருத்துவ நிலையங்களில் 1,377 நோயாளர் இசைந்து அதில் சேர்ந்தனர். யாருக்கு அறுவை, யாருக்கு மருந்து மட்டும் என்பதை மருத்துவரின் விருப்பம் முடிவு செய்யவில்லை. திருவுளச் சீட்டுப் போன்ற முறையே முடிவு செய்தது. 663 பேர் மருந்தோடு அறுவையும், 714 பேர் மருந்து மட்டுமும் பெறுமாறு பிரிக்கப்பட்டனர். இவ்வாறு பிரித்தால் வலியாரும் மெலியாரும் இருபுறமும் ஏறத்தாழ ஒத்து அமைவர். சராசரியாக ஐந்தாண்டிற்குச் சிறிது குறைந்த காலம் அவர்கள் கண்காணிக்கப்பட்டனர்.

1985-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. இணைத்த குழாய்களில் நூற்றுக்கு 96 அடைபடாது திறந்திருந்தன; அறுவை மருத்துவரின் கைத்திறனில் குறையில்லை. ஆயினும் அறுவை பெற்றவருக்குப் பக்கவாதம் குறையவில்லை; மருந்து மட்டும் பெற்றவரினும் சற்று மிகுதியாகவும் முன்னதாகவும் அது வந்தது. பலருக்கு இயற்கையின் மாற்றுவழிகளே போதியனவாக இருந்தன என்றும், நோயுற்ற குழாயிலிருந்து பெயர்ந்து செல்லும் சிறு கட்டிகளைப் புதிய வழி தடுக்காது என்றும் அறிஞர் காரணம் காட்டினர். அறுவைக்கே உரிய இடர்களும் உண்டு அன்றோ?

பல்லாண்டு பயின்று பெற்ற திறன் பயனற்றது என்னும் தீர்ப்பினை ஏற்றல் எளிதன்று. அறுவை மருத்துவர் பலர் மறுத்து வழக்காடினர். அறுவையால் மிகுந்த பயன் பெறத்தக்கார் பலர் ஆய்வுக்கு வெளியே அறுவை பெற்றனர் என்றும், குருதி மிகக் குறைந்தாரைத் தனியே பிரித்து ஆய்தல் வேண்டும் என்றும் அவர்கள் கூறினர். மறுப்பும் அறிவியலின் ஒரு கூறே ஆகும். அதனை ஏற்று, குருதி குறைந்தாரை நுண்கருவியால் கண்டறிந்து சேர்த்த மற்றோர் ஆய்வு அமெரிக்காவில் நடைபெற்றது. 195 பேரைக் கொண்ட அவ்வாய்வின் முடிவு 2011-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதிலும் அறுவையால் பயன் காணப்படவில்லை.

துலாக்கோல் அறுவைக்குப் பகையோ எனின், அன்று. கழுத்துத் தமனியைத் திறந்து, உட்சுவரில் படிந்த கொழுப்புத் திரளை அகற்றும் அறுவை 1950-களிலேயே தோன்றியது. அதனையும் பார்னெட் அதே முறையில் ஆய்ந்தார். குழாய் நூற்றுக்கு எழுபது பங்கும் அதற்கு மேலும் சுருங்கியிருந்த 659 நோயாளரிடம் கண்ட முடிவு 1991-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சுருங்கிய குழாயின் பக்கத்தில் இரண்டாண்டுகளுள் பக்கவாதம் உற்றவர், மருந்து மட்டும் பெற்றாருள் நூற்றுக்கு 26 பேர். அறுவையும் பெற்றாருள் 9 பேர். ஓர் அறுவையை விலக்கிய அதே கோல், மற்றோர் அறுவையை நிலைநாட்டிற்று.

தோல்வியுற்ற முறை திருந்தி வெல்லுதலும் உண்டு. தொடையின் மேற்புறத் தமனி வழியே மெல்லிய குழல் செலுத்தி, மூளைத் தமனியை அடைத்த குருதிக்கட்டியை நேரே அகற்றும் முறையைப் பற்றி 2013-ஆம் ஆண்டில் மூன்று ஆய்வுகள் வெளிவந்தன. மூன்றும் பயன் காட்டவில்லை. அறிஞர் மனந்தளராது கருவியைத் திருத்தினர், பெருங்குழாய் அடைபட்டாரையே தெரிந்தெடுத்தனர், காலத்தையும் சுருக்கினர். 2015-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டினர் 500 நோயாளரிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. மூன்று திங்கள் கழித்துப் பிறர் துணையின்றி வாழ்ந்தவர், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றாருள் நூற்றுக்கு 19 பேர். கட்டி அகற்றப்பட்டாருள் 33 பேர். அவ்வாண்டிலேயே வெளியான வேறு ஆய்வுகளும் இதனை உறுதி செய்தன.

யாசர்கில் வகுத்த கலையும் வீண்போகவில்லை. மூளையடித் தமனிகள் சிறுகச் சிறுகச் சுருங்கி, புகைபோல நுண்குழாய்கள் படரும் நோய் ஒன்று உண்டு. 1969-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் அதற்கு மொயமொயா எனப் பெயரிட்டனர். அந்நோயுற்ற சிறுவர்க்கும் பெரியவர்க்கும் மாற்றுவழி அறுவை இன்றும் உதவுகின்றது. நுண்ணோக்கியின் கீழ்ப் பழகிய கைகள் மூளையின் வேறு பல நோய்களையும் தீர்க்கின்றன. ஒரு கருவி எவ்விடத்திற்கு உரியது, எவ்விடத்திற்கு உரியதன்று என்பதைத் துலாக்கோல் பிரித்துக் காட்டிற்று.

பெருங்குழாய் அடைபட்ட பக்கவாதத்தில், மருத்துவம் பெறாது கழியும் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் மூளை நரம்பணுக்கள் அழிகின்றன என 2006-ஆம் ஆண்டில் கணக்கிடப்பட்டது. குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தினைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்துதல் வேண்டும். ஆதலால் ஒருவருடைய முகம் ஒருபுறம் கோணினாலும், ஒரு கை திடீரெனச் சோர்ந்து விழுந்தாலும், பேச்சுக் குழறினாலும், தைலம் தடவிக்கொண்டும், விடியட்டும் என்று காத்துக்கொண்டும் இருத்தல் ஆகாது. அப்பொழுதே அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தல் வேண்டும். அறிஞர் பல்லாண்டு உழைத்து, நிறுத்துப் பார்த்துத் தேர்ந்த மருத்துவம் அங்கே காத்திருக்கின்றது. உரிய காலத்தில் சென்றார்க்கே அது கைகொடுக்கும்.