குழந்தைத் தாங்கி

குழந்தைத் தாங்கி என்பது கைக்குழந்தையை உடலோடு சேர்த்துச் சுமப்பதற்குப் பயன்படும் துணி அல்லது பை ஆகும். கடைகளில் இது 'பேபி கேரியர்' என்ற பெயரில் விற்கப்படுகிறது. சரியான தாங்கி குழந்தையின் எடையைச் சுமப்பவரின் இரு தோள்களுக்கும் இடுப்பு எலும்புக்கும் பகிர்ந்தளிக்கிறது. தவறான தாங்கி முதுகுவலியைத் தரும். பச்சிளங்குழந்தையின் மூச்சுக்கும் ஆபத்தாக முடியலாம்.

தமிழ்நாட்டு வழக்கம்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்வதே பழைய வழக்கம். நடவு, களையெடுப்புக் காலங்களில் வரப்போர மரக்கிளையில் பழைய பருத்திச் சேலையால் தூளி கட்டிக் குழந்தையைத் தூங்க வைப்பர். நரிக்குறவர் சமூகப் பெண்கள் துணியைத் தோளில் முடிந்து அதில் குழந்தையைச் சுமப்பதைத் திருவிழாக்களில் காணலாம்.

துணியில் பிள்ளை சுமக்கும் முறை ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் நெடுங்காலமாக உள்ளது. டோகோ நாட்டில் தொண்டாற்றிய அமெரிக்கச் செவிலியர் ஆன் மூர், அங்குள்ள தாய்மாரைப் பார்த்து 'ஸ்னக்லி' என்ற தாங்கியை உருவாக்கி 1969இல் காப்புரிமை பெற்றார். இன்றைய பட்டை வைத்த தாங்கிகளுக்கு அது ஒரு முன்னோடி.

முதுகு வலிப்பதன் காரணம்

இடுப்பில் குழந்தையை வைத்தவுடன் உடல் எதிர்ப்பக்கம் சாய்கிறது. ஒரு பக்கத் தசைகளே வேலை செய்கின்றன; ஒரு கையும் ஓயாமல் பிடித்திருக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வளர்ச்சி அளவுகோலின்படி, பிறக்கும்போது சுமார் 3.3 கிலோ இருக்கும் ஆண் குழந்தை ஆறு மாதத்தில் சுமார் 7.9 கிலோவும், ஓராண்டில் சுமார் 9.6 கிலோவும் ஆகிறது. பேறுகாலத்துக்குப் பின் தாயின் வயிற்றுத் தசைகள் தளர்ந்திருக்கும் மாதங்களில் இந்தச் சுமை கூடிக்கொண்டே போகிறது. பேரப்பிள்ளையைத் தூக்கும் பாட்டிக்கோ முழங்காலும் முதுகும் முன்பே தேய்ந்திருக்கும்.

ஆனால் இடுப்பில் வைக்கும் வழக்கத்தில் ஒரு நன்மையும் உண்டு. கால்கள் இருபுறமும் விரிந்து, முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்து நிற்பதால் குழந்தையின் இடுப்பு மூட்டு இயல்பான நிலையில் இருக்கிறது. இந்த அமர்வை மாற்றாமல் எடையை மட்டும் பகிர்ந்து தருவதே நல்ல தாங்கியின் வேலை.

வகைகள்

நீளத்துணி: சுமார் 4 முதல் 5 மீட்டர் துணியை மார்பிலும் முதுகிலும் குறுக்காகச் சுற்றிக் கட்டுவது. முதல் சில மாதங்களுக்கு ஏற்றது. கட்டப் பழக வேண்டும்.

வளையத் துணி: ஒரு தோளில் இரு வளையங்களால் இறுக்குவது. அணிவது எளிது, ஒரே தோளில் பாரம் விழுவதால் நெடுநேரத்துக்கு உதவாது.

இடுப்புப் பட்டைத் தாங்கி: அகலமான இடுப்புப் பட்டையும் பஞ்சு வைத்த தோள்பட்டைகளும் கொண்டது. முதுகுவலி உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் வசதியானது.

இடுப்பு இருக்கை: சிறு மேடை வைத்த பட்டை. நன்றாக உட்காரக்கூடிய குழந்தையை அடிக்கடி தூக்கி இறக்கப் பயன்படும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

- பட்டை இடுப்பு எலும்பின் மேல் அமர வேண்டும். வயிற்றில் தொங்கக் கூடாது.
- தோள்பட்டைகள் அகலமாகவும், முதுகில் குறுக்காகவோ இணைப்புப் பட்டையுடனோ இருக்க வேண்டும்.
- அடித்துணி ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால் வரை தொடையைத் தாங்க வேண்டும்.
- தாயும் பாட்டியும் மாறி மாறி அணிவதானால் இருவருக்கும் அளவு மாற்ற முடிய வேண்டும்.
- டெல்டாவின் சித்திரை, வைகாசி வெயிலுக்கு மெல்லிய பருத்தியோ வலைத்துணியோ நல்லது. தடித்த பஞ்சு உறை வேர்க்குரு தரும்.
- குழந்தையின் எடை வரம்பு அட்டையில் அச்சிட்டிருக்க வேண்டும்.

வாங்கியதும் 5 கிலோ அரிசிப் பையை வைத்துக் கட்டி, வீட்டுக்குள் கால்மணி நேரம் நடந்து பார்க்கலாம். தோளோ கீழ்முதுகோ வலித்தால் பட்டையைச் சரிசெய்ய வேண்டும். அப்போதும் வலித்தால் அத்தாங்கி பொருந்தவில்லை என்று பொருள். சுமை உடலிலிருந்து விலகித் தொங்கினாலும், தாழ இறங்கினாலும் முதுகு வளைந்து தாங்க வேண்டிவரும். எனவே குனிந்தால் குழந்தையின் உச்சியில் முத்தமிடும் உயரத்தில், உடலோடு ஒட்டிக் கட்ட வேண்டும்.

பாதுகாப்பு

2010 மார்ச்சில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் தோள்தூளி வகைத் தாங்கிகள் பற்றி எச்சரித்தது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் அது அறிந்த 14 இறப்புகளில் 12 நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுடையவை. பச்சிளங்குழந்தைக்குக் கழுத்து நிற்காது. ஆழமான பையில் சுருண்டு முகவாய் மார்பில் படிந்தால் மூச்சுக்குழாய் மடங்கும். துணி மூக்கை மூடினாலும் அழக்கூட முடியாது. ஆகவே முகம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முகவாய்க்கும் மார்புக்கும் நடுவே குறைந்தது ஒரு விரல் இடைவெளி வேண்டும். குறைமாதக் குழந்தைக்கும், சளியால் மூச்சுவிடச் சிரமப்படும் குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்காமல் தாங்கியைப் பயன்படுத்தக் கூடாது.

அறுவைப் பேறு கண்ட தாய், காயம் ஆறி மருத்துவர் சொல்லும்வரை இடுப்புப் பட்டையைத் தழும்பின் மேல் இறுக்கக் கூடாது. முதுகில் சுமப்பது குழந்தை தானாக உட்காரத் தொடங்கிய பின்னரே. அடுப்பருகிலும், குனிந்து செய்யும் வயல்வேலையிலும் தாங்கி வேண்டாம். கீழே கிடப்பதை எடுக்க முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி இறங்க வேண்டும்.

இருசக்கர வண்டியில் தாங்கி பாதுகாப்புக் கருவி ஆகாது. 2022இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றிச் செல்ல அதற்குரிய பாதுகாப்புப் பட்டையை வலியுறுத்துகின்றன. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

காலில் மரத்துப்போதல், ஓய்வெடுத்தும் குறையாத வலி ஆகியவை இருந்தால் தாங்கியை மாற்றிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.