இயந்திரம் வாங்கினால் போதுமா? இயக்க ஆள் வேண்டாமா?

எமது வியாபாரக் குடும்பங்களில் அடிக்கடி நடப்பது இது. பிள்ளை உயர்தரத்தில் உயிரியல் படிக்கும். மருத்துவ பீடத்துக்கான இஸட் புள்ளி கொஞ்சத்தில் தவறும். மகன் என்றால் கல்லாப்பெட்டிக்கு வருவார். மகள் என்றால் கலியாணப் பேச்சு தொடங்கும். அத்தனை வருடப் படிப்பும் நட்டக் கணக்கில் எழுதப்படும்.

என் தங்கையின் மகளுக்கும் புள்ளி இப்படித்தான் தவறியது. அவர் கதிர்ப்படவியல் பட்டப்படிப்பைத் தெரிவுசெய்தபோது, "நாலு வருஷம் படிச்சு எக்ஸ்ரே எடுக்கவா?" என்று மச்சான் கேட்டார். வியாபாரியின் கேள்வி நியாயமானதே. எனவே கணக்கைப் பார்ப்போம்.

2016 இல் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேனர் வாங்க கதீஜா பவுண்டேஷன் நிதி திரட்டியது. எமது வர்த்தகர்கள் உட்பட எல்லா இனத்தவரும் அள்ளிக் கொடுத்தார்கள். ஆனால் இயந்திரம் தானாக இயங்காது. அந்த ஸ்கேனுக்குப் பொதுவாகப் பயன்படும் புளோரின்-18, 110 நிமிடங்களில் பாதியாகிவிடும். மீன் வியாபாரிக்குக்கூட இதைவிட அவகாசம் உண்டு! சிகிச்சைக்குப் பயன்படும் கோபால்ட்-60 சுமார் 5.3 வருடங்களில் பாதியாகும். பிறகு அதே அளவு கதிரைக் கொடுக்க இருமடங்கு நேரம் தேவை. அளவு கூடினால் நல்ல உறுப்பும் கெடும். குறைந்தால் கட்டி மிஞ்சும். இதைப் பிழையின்றிச் செய்யத்தான் உடற்கூறு, கதிர்வீச்சுப் பௌதிகம், நோயாளியைச் சரியாகக் கிடத்தும் முறை, கதிர்ப் பாதுகாப்பு எல்லாம் படிக்கிறார்கள். வைத்தியசாலைப் பயிற்சியும் உண்டு.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கதிர்ப்படவியல் சிறப்புப் பட்டம் 4 வருடங்கள். அனுமதி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஊடாக, இஸட் புள்ளி அடிப்படையில். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் செலுத்திக் கதிர்ப்படவியலும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் தனித்தனிப் பட்டங்களாகப் படிக்கலாம்.

"கதிர் உடம்புக்குக் கூடாதே" என்பது உம்மாமாரின் பயம். ஊழியர்கள் சுவருக்கு அப்பால் நின்றே கதிரைச் செலுத்துவார்கள். நெஞ்சில் அணியும் ஒரு சிறு அளவி, உடலில் பட்ட கதிரைக் கணக்கு வைக்கும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலோ எக்ஸ்ரே கதிரே இல்லை. அது காந்தத்தால் இயங்குவது. மார்பகப் பரிசோதனைக்கு வரும் எமது பெண்கள் ஒரு பெண் ஊழியரைத்தானே தேடுகிறார்கள்? அந்த இடத்துக்குப் பிள்ளைகளை நாம் அனுப்பாமல் வேறு யார் அனுப்புவது?

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து முற்பணம் கட்டிவிடாதீர்கள். பட்டத்தை மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா, முடித்தபின் இலங்கை மருத்துவ சபையில் பதிவு கிடைக்குமா, பயிற்சி எந்த வைத்தியசாலையில் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் காசு கொடுக்காத நாம், பிள்ளையின் நான்கு வருடங்களுக்கு மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்?